சோற்றுப் பசையில் ஒட்டிய சீட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இப்போது மறதியும் கூடிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். முன்னதைப் பின்னால் எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்தது 2011 ஆக இருக்கலாம், 2012 ஆகவும் இருக்கலாம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடம், இங்கிலீஷ் மீடியம். அங்கே நான் ஆயா வேலை பார்த்தேன். பெருக்குவது, துடைப்பது, சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது என் வேலை. நோட்டில் இருக்கிற பெயரைப் பார்த்துப் பிள்ளைகளிடம் கொடுக்கத் தெரியுமா என்று சேரும்போது கேட்டார்கள். எட்டாவது வரை படித்தேன், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டும் பொய். நோட்டைக் கையில் தூக்கிப் பிடித்து, "இது யாருது?" என்று பிள்ளைகளையே கேட்டுச் சமாளிப்பேன். நான் அதிகம் பேசாதவள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து, வீட்டில் கிடக்கிற பொருளை வைத்து ஒரு மாடல் செய்துகொண்டு வர வேண்டும். கடையில் எதுவும் வாங்கக் கூடாது. அம்மாவும் கை வைக்கக் கூடாது. சுற்றிலும் கம்பெனிகள். அப்பாக்கள் எல்லாம் ஷிப்ட், ஓ.டி. என்று போய்விடுகிறார்கள், பிள்ளைகள் முகத்தையே பார்ப்பதில்லை என்று பெரிய மேடம் யோசித்து வைத்தது. பெரிய மேடம் என்றால் ஹெட்மிஸ்ட்ரஸ்.

கண்காட்சி அன்று காலை எட்டு மணிக்கு மாடல்கள் வரத் தொடங்கின. கேட்டில் நின்று வாங்கி ஹாலில் வைக்கிற வேலை எனக்கு. கொட்டாங்குச்சியில் ஆமை, தென்னங்குச்சியில் குடிசை, பழைய செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த நாற்காலி. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டை வீட்டிலேயே ஒட்டியிருந்தார்கள்.

ஒருவர் லுங்கியால் மூடி எதையோ தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே மகள். நைட் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார், கண் சிவந்து கிடந்தது. உடம்பில் சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை. அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அதுதான் சட்டை, பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"ஆயாம்மா, நனையாமப் பாத்துக்கிடுங்க. எல்லாம் சோத்துப் பசையிலதான் ஒட்டியிருக்கு" என்றார்.

"நான் பாத்துக்கறேன். நீ போய்த் தூங்குப்பா" என்றேன்.

"தூங்கினா எந்திரிக்க மாட்டேன். இங்கனயே இருக்கேன்" என்று சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்ந்துவிட்டது.

நான் மூட்டையை ஹாலில் வைத்துவிட்டு, அடுத்தது வாங்கக் கேட்டுக்கு ஓடினேன். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு யாரோ ஒரு டீச்சர் துணிகளைப் பிரித்து வரிசையாக அடுக்கியிருந்தார். லுங்கிக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

ஒன்பதரைக்குப் பெரிய மேடம் வந்து, "இன்னா ஆயா, டேபிள் பூரா மண்ணு" என்றார். ரோட்டில் லாரி போய்க்கொண்டே இருக்கும், துடைத்தாலும் நிற்காது. ஈரத்துணியும் மக்கில் தண்ணீருமாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். அவசரத்தில் முழங்கை பட்டு மக்கு சாய்ந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மாடல்களின் அடியில் தண்ணீர் ஓடியது. மாடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டு இரண்டும் கழன்று தரையில் விழுந்தன.

முந்தானையில் ஒற்றி எடுத்துப் பார்த்தேன். இரண்டும் இங்கிலீஷ். ஒன்று கம்ப்யூட்டரில் அடித்தது. இன்னொன்று பேனாவால் எழுதியது.

மாடல்களைப் பார்த்தேன். ஒன்று அட்டையில் செய்த தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இன்னொன்று இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. செருப்பு டப்பாவின் மேல் நூல் சுற்றுகிற உருளைகள், அவற்றைச் சுற்றி சைக்கிள் டியூபை வெட்டிய பட்டை. அதன் மேல் பிஸ்கெட் காகிதம் சுற்றிய தீப்பெட்டிக் கார்கள். குடைக்கம்பியில் கைப்பிடி. அதைத் திருகினால் பட்டை நகர்ந்து கார்கள் ஒவ்வொன்றாக முன்னால் வரும். கார் கம்பெனியில் வண்டிகள் நகர்ந்து வருகிற லைன் மாதிரியே இருந்தது. பக்கத்தில் காகிதத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதது வெளியே வந்துவிடும். கம்ப்யூட்டர் சீட்டு என்றால் வசதியான வீடு, இத்தனை நல்ல மாடல் அங்கேயிருந்துதான் வந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். நான் பிறந்ததும் வாழ்ந்ததும் ஓலை வீட்டில். எனக்கே அப்படித்தான் தோன்றியது. கம்ப்யூட்டர் சீட்டை லைனில் ஒட்டினேன். பேனாச் சீட்டைச் சாய்ந்த தொட்டியில் ஒட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் திருநெல்வேலிக்காரர் மகள் ஹாலுக்குள் வந்தது. பார்த்ததும் என்னிடம் ஓடி வந்து, "ஆயா, சீட்டு மாறியிருக்கு. அது எங்கப்பா செஞ்சது" என்றது.

மாற்றி ஒட்டிவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு. "சும்மா இரு பாப்பா, கைய வெக்காத. மிஸ்ஸு வர்றாங்க" என்று விரட்டினேன்.

அது கேட்கவில்லை. நான் வாசல் பக்கம் போன நேரம் பார்த்து, இரண்டு சீட்டையும் பிய்த்து மாற்றி ஒட்டப் போயிருக்கிறது. வகுப்பு டீச்சர் கையும் சீட்டுமாகப் பிடித்துவிட்டார். பெரிய மேடம் வந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் தூங்கின அப்பாவை எழுப்பிக் கூட்டி வரச் சொன்னார்கள். நான்தான் போய் எழுப்பினேன்.

"உங்க பொண்ணு அடுத்தவங்க மாடல்ல தன் பேரை ஒட்டறா. இதைத்தான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று பெரிய மேடம் கேட்டார்.

அந்த அப்பா மாடலைப் பார்த்தார். "மேடம், இது நாங்க செஞ்சதுதான்."

"காலைல எல்லாத்தையும் வெச்சது ஆயாதான்" என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "ஏன் ஆயா, சீட்டு ஏதாவது கழண்டு வுழுந்துச்சா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையும் பார்த்தது.

"ஞாபகம் இல்ல மேடம்" என்றேன்.

அந்த அப்பா மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சர் கம்ப்யூட்டர் சீட்டைக் காட்டி, இது இன்னாருடைய மகள் மாடல், அந்த சார் உங்கள் கம்பெனியில்தான் பெரிய அதிகாரி என்று சொன்னார். பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. காண்ட்ராக்ட் ஆள். இவன் வேண்டாம் என்று அந்த சார் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நாள் கம்பெனிக் கேட்டுக்குள் விட மாட்டார்கள். மகள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, மிஸ்கிட்ட சாரி சொல்லு" என்றார்.

"எப்பா, நம்ம செஞ்சதுதானப்பா?"

"சொல்லுட்டி."

அது சொன்னது. அழவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. அவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, மாடலை விட்டுவிட்டு, லுங்கியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு அந்த அதிகாரி மகளோடு காரில் வந்தார். அவர்கள் மாடலைக் காலையிலேயே டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்களாம். லைனுக்குப் பக்கத்தில் தன் மகள் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மேடம், இது எங்களுது இல்ல. அதோ சாஞ்சு நிக்குதே டேங்க், அதான் நம்ம லட்சணம்" என்றார். பிறகு குனிந்து அந்தக் காகித ஆளைப் பார்த்தார். "எம் பொண்ணு செஞ்சிருந்தா என்னை நீலச் சட்டையில நிறுத்தியிருப்பா. இவன் சாம்பல் சட்டை போட்டிருக்கான் பாருங்க. யாரோ காண்ட்ராக்ட் ஆள் செஞ்சிருக்காரு. யாரு அவரு?"

மேடம் பெயரைச் சொன்னார்.

"தெரியலையே" என்றார் அந்த சார்.

அதே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அந்த அப்பா மாடலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

முதல் பரிசு அந்த லைனுக்கே கிடைத்தது. ஒரு டிபன் பாக்ஸ். ஏதோ குழப்பம் ஆகிவிட்டது என்று சொல்லி, மாடலையும் பரிசையும் அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று சாயந்திரம் என்னைத்தான் அனுப்பினார்கள். வரிசையாக ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்த இடத்தில் அவர்களுடையது கடைசி. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். "மக கேட்டா ஆயாம்மா, அப்பா அங்க என்ன செய்யுதீங்கன்னு. சொல்லத் தெரியல. அதான் மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்து செஞ்சு காட்டினோம். அந்த ஆளை அவதான் வெட்டி ஒட்டினா" என்றார். என் மேல் ஒரு கோபமும் இல்லை. அது இருந்திருந்தால் நான் பேசியிருப்பேனோ என்னவோ.

பிள்ளை பரிசைத் தொடவில்லை. நான் கிளம்பும்போது கூடவே வெளியே வந்தது.

"ஆயா, உங்களுக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா?"

"வயசாயிடுச்சு பாப்பா" என்றேன்.

அது தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கே போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். நான் இன்னும் மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாது.

இதில் வருஷமோ வகுப்போ தப்பாக இருந்தால் யாராவது சரிபார்த்துத் திருத்திப் போடுங்கள். அந்தச் சட்டை சாம்பலா, வேறு நிறமா என்றும் அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டு விழுந்ததை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அது எனக்கு அன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.