கூடத்துப் பக்கம் இருந்த சுவிட்ச்

கர்ட்டன்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்ததே அவளுடைய நாத்தனார்தான். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் வீட்டுக்காரர் முதல் மாடிப்படி கூட்டுகிறவர் வரை அந்தக் கட்டடமே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. திரை தைக்கும் கடையில் மெஷின் மிதிக்கிற வேலை அவளுக்கு. நகரத்தின் பெரிய பெரிய ஜன்னல்களில் அவள் பிடித்த மடிப்புகள் தொங்கின. அவள் படுத்த இடத்திலோ மூன்று பக்கமும் கண்ணாடி, மறைக்க ஒரு முழத் துணி கிடையாது.

அவள் கணவனுக்குச் சரக்கு வேன் ஓட்டும் வேலை இந்த நகரத்தில் கிடைத்தபோது இருவரும் குதித்தார்கள். பழைய ஊரில் வாங்கியதைப் போல இரண்டு மடங்குச் சம்பளம்! வந்து இறங்கிய பிறகுதான் வாடகை நான்கு மடங்கு என்று தெரிந்தது. புரோக்கர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் கணவனின் அக்கா போனில் தேனாகப் பேசினாள். நான் ஒருத்தி இருக்கும்போது என் தம்பி ஏன் தெருத்தெருவாக அலைய வேண்டும் என்றாள்.

அக்காவும் வாடகை வீட்டில்தான் இருந்தாள். மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கை அறை, ஒரு கூடம், கண்ணாடி போட்டு அடைத்த ஒரு பால்கனி. அந்தப் பால்கனியைத்தான் தம்பிக்குக் கொடுத்தாள். படுத்தால் தலை ஒரு சுவரில், கால் ஒரு சுவரில். வெளியே போக வர பின்பக்கம் இரும்புப் படி. கூடத்துக்குப் போகும் கதவை அக்கா தன் பக்கம் தாழ் போட்டிருப்பாள். இதற்கு அவள் வாங்கிய வாடகையில் பழைய ஊரில் முழு வீடே கிடைக்கும். சொந்தத் தம்பி என்பதால்தான் இந்த விலை என்று மாதா மாதம் சொல்லிவிட்டுத்தான் பணத்தை வாங்குவாள்.

அந்த வாடகையைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது சுவிட்ச். பால்கனியின் விளக்குக்கும் மின்விசிறிக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச், அதுவும் கூடத்துச் சுவரில். மணி ஒன்பது அடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து டக் என்று ஒரு சத்தம் வரும். வெளிச்சமும் போகும், காற்றும் போகும். கரண்ட் பில் உன் அப்பனா கட்டுகிறான் என்று நாத்தனார் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சுவிட்சை உள்பக்கம் மாற்றித் தரச் சொல்லி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

நாத்தனார் சிரித்தாள். "சுவிட்ச் உள்ள இருக்கற ரூமுக்கு இந்த ஊர்ல வாடகை அதிகம்மா."

அந்தக் கோடையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. கணவன் வேனோடு வெளியூர் போயிருந்தான். வழக்கம்போல ஒன்பது மணிக்கு டக். அனலாகக் கொதித்த பிள்ளையின் உடம்பு திடீரென்று அவள் மடியில் வெட்டி வெட்டி இழுத்தது. அந்த இருட்டில் பெற்றவளால் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. கதவைத் தட்டினாள். கை சிவக்கத் தட்டினாள். அண்ணி, அண்ணி என்று தொண்டை கிழியக் கத்தினாள். தாழ் விலகவில்லை. இரும்புப் படியில் தட்டுத் தடுமாறி இறங்கி, தெருவிளக்கின் கீழே பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. யாரோ ஒரு ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குழந்தை பிழைத்தது.

மறுநாள் நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தட்டுனியா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அது கனமான கதவு, அக்காவுக்கு நிஜமாகவே கேட்டிருக்காது என்று கணவன் சத்தியம் செய்தான். நிஜமாகவே கேட்கவில்லை என்றால் மன்னித்துவிடலாம். கேட்டும் திறக்காமல் படுத்திருந்தாள் என்றால்? அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகப் போவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

அடுத்த மாதமே நகரத்தின் ஓரத்துக்குக் குடிபோனார்கள். வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகினாள். வருஷங்கள் ஓடின, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற பெண்ணாக வளர்ந்தாள். ஆனால் இருட்டென்றால் அலறுவாள், விளக்கு எரிந்தால்தான் கண் மூடுவாள். ஒவ்வொரு ராத்திரியும் எரிந்த அந்த விளக்கு கர்ட்டன்காரியின் கோபத்தை ஆறவே விடவில்லை.

காத்திருந்தவளுக்குக் காலம் கதவைத் திறந்தது. அக்கா குடியிருந்த அந்த வீட்டின் சொந்தக்காரர் தன் பங்களாவுக்குத் திரை தைக்கக் கொடுத்தார். அளவு எடுக்கப் போனவளிடம் மூன்றாவது மாடிக்காரர்களைப் பற்றி மூக்கால் அழுதார். வாடகையை ஏற்றினால் அந்த அம்மா கண்ணைக் கசக்குகிறாள், அவள் புருஷனுடைய கம்பெனி வேறு மூடிவிட்டதாம், கேட்ட வாடகை தருகிறவர் வந்தால் அடுத்த மாதமே கொடுத்துவிடுவேன் என்றார். கையில் அளவு நாடாவைப் பிடித்தபடியே அவள் மனசுக்குள் வீட்டைப் பங்கு போட்டாள். இரண்டு அறைகளிலும் வேலைக்குப் போகும் பெண்கள் ஐந்து பேர். கூடத்தில் நாங்கள் மூவர். பால்கனியில் யார் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் மெஷின் மிதித்துச் சேர்த்ததை எல்லாம் முன்பணமாகக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

விஷயம் தெரிந்ததும் கணவன் இடிந்துபோனான். அக்காவின் மகனுக்கு இது பள்ளியின் கடைசி வருஷம், பள்ளியும் பக்கத்துத் தெரு, இப்போது போய் அக்காவைக் கிளப்பினால் அவள் தெருவுக்குத்தான் போவாள் என்று மன்றாடினான்.

"தெருவுக்கு ஏன் போகணும்? பால்கனி இருக்கே. நாத்தனாருக்காக அதே பழைய வாடகைக்கே தரேன்."

வேறு வழி இல்லாமல் நாத்தனார் தன் புருஷனோடும் மகனோடும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தாள். முதல் நாள் மணி ஒன்பது ஆயிற்று. டக் வரப்போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை. கர்ட்டன்காரி அணைக்கவே இல்லை! இரும்பு வலைக்குள் துருப்பிடித்த திருகுகளோடு மாட்டியிருந்த அந்த பல்ப் கண்ணுக்குள் ஊசி குத்துவது போல எரிந்தது. அதைக் கழற்றவும் வழி இல்லை. நாத்தனாரின் புருஷன் ஒரு துண்டை வலை மேல் கட்டிப் பார்த்தார். பக்கத்தில் சுற்றிய விசிறி அதை உருவிக்கொண்டு போய் அவர் முகத்திலேயே அறைந்தது. விடிவதற்கு முன்னால் கிடங்கில் மூட்டை எண்ணப் போக வேண்டிய மனிதர் அவர். கடைசியில் நாத்தனார் எழுந்து வந்து கூடத்துக் கதவைத் தட்டினாள்.

அந்தத் தட்டலில் கூடமே அதிர்ந்தது. பாத்திரத்தை நடுக்கூடத்தில் போட்டு உருட்டினால் எப்படி இருக்கும், அப்படி. கர்ட்டன்காரி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. கனமான கதவு என்று சத்தியம் செய்தவன் அவன்தான். அன்றைக்குப் பிறகு அக்காவுக்காக அவன் வாயே திறக்கவில்லை.

நிதானமாகப் போய்க் கதவைத் திறந்தாள். "தட்டுனீங்களா அண்ணி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "லைட்டை மட்டும் அணைச்சிடும்மா."

"லைட் போனா விசிறியும் போயிடும். பரவாயில்லையா?"

நாத்தனார் அந்தக் கண்ணாடிக் கூண்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றாள். டக். ஆகா, அந்தச் சத்தம் அன்று கர்ட்டன்காரியின் காதில் எப்படி இனித்தது!

தினமும் இதேதான் நடந்தது. இருட்டு வேண்டுமா, காற்று வேண்டுமா என்று நாத்தனார் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்ததைத் தன் வாயால் வந்து கேட்க வேண்டும். கர்ட்டன்காரியும் ஒன்றும் சுகமாகப் படுத்திருக்கவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் அவள் காலை மிதித்துக்கொண்டுதான் அறைக்குள் போவார்கள். மெத்தை மேல் நடப்பதற்குத் தனியாக வாடகை உண்டா என்று அவர்களில் ஒருத்தி கிண்டல்கூடச் செய்தாள். யார் மிதித்தாலும் அவள் கவலைப்படவில்லை. ஒன்பது மணிக்காக வாழ்ந்தாள்.

நாத்தனார் மகனின் பரீட்சை நெருங்கியது. படிக்க விளக்கு வேண்டும், படித்த பிறகு தூங்க இருட்டும் காற்றும் வேண்டும். அப்பா தூங்குவதற்காக அணைத்த பிறகு மெழுகுவர்த்தியில் படித்தவனின் வியர்வையில் நோட்டுப் புத்தகம் ஊறியது. ஒருநாள் நாத்தனார் வந்து கதவைத் தட்டினாள். கர்ட்டன்காரி வழக்கமான வார்த்தையை ஆரம்பித்தாள்.

"உனக்குக் கேக்குது" என்று நாத்தனார் குறுக்கே பேசினாள். "எனக்கும் அன்னைக்குக் கேட்டுச்சு."

கர்ட்டன்காரி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாமே கேட்டுச்சு. திறந்தா ஆஸ்பத்திரிச் செலவு நம்ம தலையில வந்து விழும்னு அவர் சொன்னாரு. அந்த மாச வாடகைக்கே எங்களுக்கு முழி பிதுங்கிக்கிட்டு இருந்துச்சு. காதைப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். அப்புறம் உன் சத்தம் நின்னுச்சு. பிள்ளை சத்தமும் நின்னுச்சு. அதுதான்... அந்த நின்ன சத்தம் மட்டும் இன்னும் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கு."

இத்தனை வருஷம் அவள் தவம் கிடந்தது இந்த வார்த்தைக்காகத்தான். கேட்டதும் உடைந்து அழுவாளா, கன்னத்தில் அறைவாளா என்று கூடத்தில் இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. சுவிட்சைக்கூடத் தொடவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்த் தன் மகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தான். கூடத்து சுவிட்சைப் பிடுங்கி எறிந்தான். பால்கனிக்குள்ளேயே விளக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைத்தான். நாத்தனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. நீ மனுஷியே இல்லை தெய்வம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"சுவிட்ச் உள்ள இருக்கற ரூமுக்கு இந்த ஊர்ல வாடகை அதிகம், அண்ணி."

நாத்தனார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு என்று கேட்டாள். கர்ட்டன்காரி தொகையைச் சொன்னாள். கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று நாத்தனார் கெஞ்சினாள்.

"சொந்த நாத்தனார்ங்கறதாலதான் இந்த விலை."

மாதா மாதம் அந்தப் பணத்தை வாங்கினாள், ஒரு காசு விடாமல் வாங்கினாள்.

சுவிட்ச் மாற்றிய அன்றைக்கு ஒன்பது மணிக்கு அவள் கை பழக்கத்தில் கூடத்துச் சுவரைத் தேடிப் போனது. அங்கே பூசி மறைத்த ஈரச் சிமெண்ட்தான் விரலில் பட்டது. விளக்கின் கீழே படுத்திருந்த மகள், இன்றைக்கு அத்தைக்கு அணைக்கவில்லையா என்று கேட்டாள்.

"அவங்களே அணைச்சுக்குவாங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. இருட்டு மட்டும்தான் வந்தது, விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. ஈரக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவள் அந்தச் சுவரைப் பிடித்தபடியே நின்றாள்.