மூணு நிமிஷக்காரர் எழுந்திருக்காத சாப்பாடு

தீயணைப்பு வண்டி ஓட்டுநருக்கு நிலையத்தில் வைத்த பெயர் 'மூணு நிமிஷம்'. தட்டு கைக்கு வந்ததும் சோறும் காயும் மீனும் எந்த வழியாகப் போகும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். மூன்றாவது நிமிஷம் கை கழுவிவிடுவார். முப்பது வருஷமாக அபாய மணிக்குப் பயந்தே சாப்பிட்ட வயிறு, பாவம்.

அந்த அவசரம்தான் தம்பியைப் பிரித்தது. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது, பிறகுதான் நன்றி ஜெபம் என்பது அவர்கள் குடும்பத்தில் அப்பா காலத்துப் பழக்கம். தம்பி கல்யாண விருந்தில், இல்லாத அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்ல வேண்டியவர் இவர். மனுஷன் வழக்கம்போல் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாரே! மணியும் அடிக்கவில்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்குப் பிறகு ஏழு வருஷம் தம்பி அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசித்த பகுதி அவரைத் தூக்கிவாரிப் போட்டது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிட வாருங்கள் என்கிறார்.

"அடியே, சாவையே ஜெயிச்சிட்டு வந்தவருக்கு எவ்வளவு வேலை கிடந்திருக்கும்! அவரே ஆற அமரச் சாப்பாடு போட்டிருக்காரு. எனக்கென்ன கொள்ளை போகுது?" என்று மனைவியிடம் குதித்தார்.

அன்றிலிருந்து மென்று தின்னப் பழகினார். வாய்க்கு வாய் மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம். மணி அடித்தால் தட்டை வைத்துவிட்டு ஓடுவார்; அடிக்காதபோது ஓடுவதில்லை.

"அவரைக்காய் இனிக்கும்னு ஏன்டி இத்தனை வருஷம் சொல்லல?"

"சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்கதான் கை கழுவிட்டீங்களே!"

போன வாரம் அந்தத் தம்பி, வீட்டுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துக்காக வந்து நின்றான். அண்ணி விடுவாளா? பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"சாப்பிட்டதும் கிளம்பிடுவேன், அண்ணி. டாக்ஸி காத்துக்கிட்டிருக்கு. அண்ணன் முடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

குத்தல் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவருக்கு ஒரே சந்தோஷம், ஒரே படபடப்பு. தம்பி வந்துவிட்டான்! இன்றைக்கு விட்டால் இனி வரமாட்டான். அவரைக்காயோடு ஒரு வாய் எடுத்தார். மென்றார். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்தார். பத்து நிமிஷம் போயிற்று, இருபதும் போயிற்று. தம்பியின் தட்டு காலி. வாசலில் ஹாரன் அடித்தது. எழுந்திருக்கவும் முடியாமல் அவன் அண்ணனையே பார்த்தான்.

"என்னண்ணே, பல் வலியா?"

"இல்லடா." அவர் இன்னொரு முள்ளை எடுத்து வைத்தார். "அன்னிக்கு உன் கல்யாணத்துல எழுந்து போயிட்டேனே, அந்தச் சாப்பாட்டைத்தான்டா இப்ப சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஹாரன் மறுபடியும் அலறியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னல் பக்கம் திரும்பி டாக்ஸிக்காரரிடம் கத்தினான்:

"நீங்க போங்க! இங்க இன்னும் சாப்பாடு முடியல."

பிறகு காலித் தட்டை அண்ணி பக்கம் நகர்த்தினான்.

"அந்த அவரைக்காயை எனக்கும் கொஞ்சம் போடுங்க, அண்ணி."