வாங்கியவரின் பெயரையும் கேட்டவர்

ஒசூர் வண்டியின் நடத்துநர் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். பல ஆண்டுகளாக, பத்திரிகைக்கு நாங்கள் அனுப்பும் செய்தி உறைகளை வாங்கிப் போய்ச் சேர்ப்பித்தவர் அவர். "சார், ஜப்பார் பாய் காலையில தவறிட்டாருங்க. மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கமாம்" என்றார். திரும்பும் அதே வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜப்பார் பாய் ஒசூர் பேருந்து நிலையத்தருகே ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக நான் எழுதிய செய்திகளுக்குப் படம் எடுத்தவர் அவரே. எழுபதுகளின் கடைசியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்தபோது, அடையாள அட்டைப் படத்துக்கு எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். நாட்றாம்பாளையம் பக்கமிருந்து கசங்கிய சட்டையோடு வருபவர்களுக்காக, இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். "என்ன பாய், எங்க ஆளுங்க எல்லாரும் ஒரே பீஸ்ல தச்சுக்கிட்டாங்களா?" என்று ஒரு மேலாளர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பதுகளில் இங்கே ஒரு தொழிலதிபர் பெரும் புகழ் பெற்றார். உதிரிபாகத் தொழிற்சாலையோடு, மக்களிடம் பணம் வாங்கி வட்டி தரும் நிதி நிறுவனமும் நடத்தினார். மாதந்தோறும் ஏதாவதொரு ஊரில் நோட்டுப் புத்தகமோ தையல் இயந்திரமோ வழங்குவார். அவருடைய காரிலேயே நாங்களும் போவோம். 'வள்ளல்' என்ற சொல் இல்லாமல் நான் ஒரு செய்தியும் அனுப்பியதில்லை.

"ஐயா மொகம் நல்லா விழணும். வாங்கறவங்க கொஞ்சம் குனிஞ்சா தேவல" என்பார் அவருடைய உதவியாளர். பாயும் அப்படியே எடுத்துக் கொடுப்பார். ஆனால் விழா முடிந்ததும், வாங்கியவரைத் தேடிப் போய்ப் பெயரும் ஊரும் கேட்டு எழுதிக்கொள்வார்.

"பேப்பர்ல அவரு பேரு மட்டும்தானே வரப்போவுது, எதுக்கு பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"படத்துல ரெண்டு பேரு இருக்காங்களே சார்" என்றார்.

ஒருநாள் காலை நிதி நிறுவனம் பூட்டிக் கிடந்தது. முதலாளியைக் காணோம். பணம் கட்டியவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் பழைய படம் ஒன்றைக் கேட்டார். பேரிகை கிராமத்தைச் சேர்ந்த மாதம்மா என்பவர் குனிந்து தையல் இயந்திரம் வாங்கும் படம் அது. ஒரு கையால் கொடுத்தவர் மறு கையால் சுருட்டினார் என்று போடலாம் என்றார். எனக்கும் பிடித்திருந்தது. பாய் தர மறுத்துவிட்டார்.

"அந்தம்மா என்ன தப்புப் பண்ணுனாங்க? நாளைக்கு ஊரே அவங்களக் காட்டிப் பேசும். அவங்களக் கேக்காம தரமாட்டேன் சார்."

"சாயங்கால வண்டிக்குக் கவர் போவணும் பாய்."

"அப்ப இப்பவே கெளம்புங்க."

அவருடைய மொபெட்டில் பேரிகைக்குப் போனோம். மாதம்மா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தை பாய் பொறுமையாகச் சொன்னார்.

"மிசினு அவரு குடுத்ததுதான், இல்லன்னு சொல்லமாட்டேன்" என்றார் மாதம்மா. "அதுல தச்ச காசத்தான் எம்பொண்ணு கண்ணாலத்துக்குன்னு அவரு கம்பெனியில கட்டுனேன். ரெண்டையும் எழுதுவீங்களா?"

"எழுதறேம்மா" என்றேன்.

"அப்ப படம் போடுங்க. ஆனா அது வாணாம் பாய், குனிஞ்சிக்கினு நிக்கறேன். இப்ப ஒண்ணு எடுங்க."

இயந்திரத்தை வாசல் வெளிச்சத்துக்கு நகர்த்தினோம். எப்படிப் பார்க்கவேண்டும் என்று பாய் எதுவும் சொல்லவில்லை. மாதம்மா நேராகப் பார்த்தார்.

மறுநாள் அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. அந்த முதலாளியை வள்ளல் என்று இதே பத்திரிகையில் எழுதியவன் நான்தான் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை ஆசிரியர் வெட்டிவிட்டார். அந்த வரியை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்தவர்கள், படத்தைப் பார்த்த பிறகு ஒவ்வொருவராகப் புகார் கொடுக்க வந்தார்கள். முதலாளி பிடிபட்டார். வழக்கு இழுத்தடித்து, கட்டியதில் ஒரு பகுதியாவது திரும்பியது. மாதம்மாவின் மகள் திருமணத்துக்குப் படம் எடுத்தவர் பாய்தான். கூலி வாங்கவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அதன்பின் பெரிய மனிதர்கள் யாரும் அவரை விழாவுக்கு அழைக்கவில்லை. நான் வருத்தப்பட்டபோது, "கல்யாணம் இருக்கு, கார்டு போட்டோ இருக்கு. நல்லாத்தான் இருக்கேன் சார், நீங்க டீயக் குடிங்க" என்றார். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தார்.

அடக்கத்துக்குப் பலர் ஷிப்டு முடிந்து சீருடையிலேயே வந்திருந்தார்கள். நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது சென்ற மழைக்காலத்தில், கெலவரப்பள்ளி அணையில். மதகு திறந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகளோடு வெறுங்கையாக நின்றிருந்தார்.

"படம் எடுக்கலையா பாய்?"

"இன்னிக்குச் சும்மா பாக்க வந்தேன் சார்."

சாரல் முகத்தில் தெறித்தது. துடைத்துக்கொள்ளாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே நில்லுங்கள், பாய்.