சின்னத்துரைக்கு ஆறு மணி ஊசி

வாழ்நாளில் ஒரு தடவைகூட நேரத்துக்கு வராத ஒருத்தியிடம், நேரம் தவறினால் செத்துப்போகும் ஓர் உயிரை ஒப்படைக்கலாமா? காளியாயியைத் தெரிந்தவர்கள் யாரும் இதற்கு ஆம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

கொட்டகலையில் பஸ்ஸை விட்டிறங்கி அரை மணி நேரம் ஏறிப் போனால் தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவு லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், வரும். அங்கே கடைசிக் காம்பிரா அவளுடையது. பதினேழு வயதில் கொழுந்துக் கூடை தூக்கியவளுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. தினமும் காலை ஏழு மணிக்கு வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லாரும் பெரட்டில் கூடி நிற்பார்கள். கங்காணி மூக்கன் பேர் கூப்பிட்டு முடித்து, கொப்பியைக் கக்கத்தில் செருகும்போதுதான் வளைவில் காளியாயியின் கூடை தெரியும். மூக்கன் திட்டிப் பார்த்தார். இரண்டு முறை வேலையில்லை என்று திருப்பியும் அனுப்பினார். ஆனால் பிந்தி மலைக்குப் போனாலும், மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது முந்திப் போனவர்களைவிட இரண்டு கிலோ கூடவே அவள் கூடையில் இருக்கும். அந்தக் கை வேகத்துக்காக அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை இராமையா அரை மணி நேரம் மணவறையில் தனியாக உட்கார்ந்திருந்தார் என்று லயத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஏன் பிந்தினாய் என்று யார் கேட்டாலும் அவளிடமிருந்து வருவது ஒரே பதில்தான்.

"வந்துட்டேன்ல."

இராமையா இறந்து ஆறு வருடமாகிறது. சீனி வருத்தம் முதலில் அவர் ஒரு காலை வாங்கிக்கொண்டது, பிறகு ஆளையே. ஒரே மகள் தனுஜா கொழும்பில் உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வீட்டில் மிஞ்சியது ஒரு செம்மஞ்சள் கடுவன் பூனை. லயத்தில் எல்லாரும் தண்ணீர் தூக்கி, விறகு பிளந்து, துணி துவைத்துக்கொண்டிருக்க, அது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக் கல்லில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வேலையும் செய்யாது. தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியின் பட்டத்தையே காளியாயி அதற்கு வைத்துவிட்டாள். சின்னத்துரை.

போன வருடம் மாரியில் சின்னத்துரை இளைக்கத் தொடங்கியது. தின்னாமல் அல்ல, முன்னைவிட அதிகம் தின்றுகொண்டே இளைத்தது. வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தது. பின்னங்கால்களைப் பாதம் முழுக்க நிலத்தில் பதித்து, கிழவனைப்போல நடந்தது. குடற்பூச்சி என்றார்கள், கண்ணூறு என்றார்கள். ஒருநாள் காலையில், முன்திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் பூனை சிறுநீர் கழித்த மண்ணில் எறும்பு மொய்த்திருப்பதைக் காளியாயி பார்த்தாள். இராமையா கடைசிக் காலத்தில் பாவித்த மூத்திரச் சட்டியைச் சுற்றியும் இப்படித்தான் எறும்பு வந்தது. அவள் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பார்த்தாள். பிறகு பூனையைக் கொழுந்துக் கூடையில் வைத்து, மேலே சாக்கைக் கட்டி, அட்டனுக்கு பஸ் ஏறினாள்.

அட்டனில் சிறிய மிருக வைத்திய நிலையம் நடத்திக்கொண்டிருந்த டொக்டர் நிரூபா யாழ்ப்பாணத்துக்காரி. காதில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மனிதருக்கு வரும் அதே வருத்தம்தான் என்றாள். என்ன சாப்பாடு என்று கேட்டாள். காலையில் ரொட்டி, மத்தியானம் சோறு, சாயந்தரம் ரொட்டி என்றாள் காளியாயி. சீனி தந்ததேயில்லை என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னாள்.

"பூனைக்கு இனிப்பின்ரை ருசியே தெரியாது அம்மா. நீங்கள் குடுத்த ரொட்டிதான் உள்ளுக்கை போய்ச் சீனியாகுது. இனி மீன், முட்டை, கோழி. மாச்சாமான் ஒண்டும் வேண்டாம்."

அதோடு ஊசியும். சாப்பாடு கொடுத்துவிட்டு ஊசிக் குழலில் இரண்டு கோடு மருந்து. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு நாளும். அடிக்கடி நேரம் மாறினால் சீனி ஏறியிறங்கி ஆளைக் கொன்றுவிடும் என்று விளக்கிவிட்டு, டொக்டர் அவளை நேராகப் பார்த்தாள்.

"நேரம் பிந்தக் கூடாது. உங்களாலை ஏலுமோ? ஏலாட்டி இப்பவே சொல்லுங்கோ, வேறை வழி யோசிப்பம்."

வேறு வழி பூனையை ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடுவதுதான் என்று காளியாயிக்கு விளங்கியது. அவள் கையை நீட்டி ஊசியை வாங்கினாள். பூனையின் பிடரித் தோலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தூக்கினாள். முப்பத்துநாலு வருடம் இளங்கொழுந்தை நசுக்காமல் கிள்ளிய விரல்கள். ஊசி போய் வந்தது சின்னத்துரைக்குத் தெரியவில்லை. பொதுவாக இரண்டு கிழமையாவது பழக வேண்டியிருக்கும் என்று டொக்டர் மெல்லச் சொன்னாள்.

காலை ஆறு, மாலை ஆறு என்று முடிவாயிற்று. இரண்டு நேரமும் தொழிற்சாலையில் சங்கு ஊதும். மறுநாள் ஆறு மணிக்கு ஊசி போட்டுவிட்டு, வேறு வேலை இல்லாததால் காளியாயி பெரட்டுக்கு நடந்தாள். அங்கே யாரும் இல்லை. ஆறே முக்காலுக்கு வந்த மூக்கன் அவளைக் கண்டதும் மணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"என்னா காளியாயி, நேத்து வர வேண்டியவ இப்பதான் வந்தியா?"

"சின்னத்தொரைக்குச் சீனி வருத்தங்க. காலையும் மாலையும் நாந்தான் ஊசி போடணும்."

மூக்கனுக்குப் பூனையின் பட்டம் தெரியாது. அவர் வீடு கீழ்ப் பிரிவில். உண்மையான சின்னத்துரையான நிரஞ்சனுக்கு இருபத்தொன்பது வயது. மலையேறும்போது மூச்சுக்கூட வாங்காதவர். பாவம், இந்த வயதில், என்று மூக்கன் இரண்டு பேரிடம் மட்டும்தான் சொன்னார். அன்றிலிருந்து மூன்று நாள் நிரஞ்சனுக்குத் தேநீர் சீனியில்லாமல் வந்தது. பெண்கள் அவர் கால்களை உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தி பாகற்காய் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் அவர் விசாரித்து, விஷயம் காளியாயியிடம் வந்து நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொன்னாள். அவர் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு, நோயாளி எத்தனை கிலோ என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் கொழுந்துத் தராசிலேயே நிறுத்துப் பார் என்று அனுமதி கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை சாக்குக்குள்ளிருந்த சின்னத்துரை மூன்றரைக் கிலோ. தோட்டத்தில் அன்றைய அளவுக்குக் கொழுந்து எடுத்தவருக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, குறைந்தவருக்கு அரைப் பேர். மூக்கன் தராசைப் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு அரைப் பேர்கூடப் போட முடியாது என்றார்.

ரொட்டியை நிறுத்துவதுதான் ஊசியைவிடக் கஷ்டமாக இருந்தது. லயத்தில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு அடுப்பிலும் ரொட்டி. காளியாயி வீடு வீடாகப் போய், சின்னத்துரை என்ன கெஞ்சினாலும் ஒரு துண்டும் போடக் கூடாது என்று சொல்லி வைத்தாள். தன் வீட்டில் ஒரு படி மேலே போனாள். டொக்டர் சொல்லாததையும் செய்தாள். சீனி டின்னைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுச் சர்மிளாவிடம் கொடுத்துவிட்டு, பாலில்லாத தேநீரான சாயத்தண்ணியை வெறுமனே குடித்தாள். இராமையாவைக் கொண்டுபோன சாமான் அந்த நோய் இருக்கும் வீட்டில் எதற்கு என்பது அவள் எண்ணம். நியாயமான எண்ணம்போலத்தான் இருந்தது. அதுவே பூனையைக் கொன்றிருக்கும்.

ஏழாவது கிழமை டொக்டர் கொடுத்த ஊசிகள் முடிந்தன. மருந்துக்கடையொன்றில் கேட்டு வாங்கினாள். டொக்டர் கொடுத்தவற்றின் மூடி செம்மஞ்சள், இவற்றின் மூடி சிவப்பு. கோடுகள் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. அந்தச் சிவப்பு மூடி ஊசி வேறொரு வகை மருந்துக்கு அளவிடப்பட்டது, அதில் இரண்டு கோடு இழுத்தால் இந்த மருந்து ஐந்து கோட்டு அளவு வந்துவிடும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போலப் போட்டாள்.

ஒன்பது மணிக்குச் சின்னத்துரை கள் குடித்தவனைப்போலத் தள்ளாடி, சுவரில் மோதி, விழுந்தது. கால்கள் இழுத்தன. தள்ளாடினால் உடனே முரசில், அதாவது பல் ஈறில், சீனித்தண்ணி தேய்க்க வேண்டும் என்று டொக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாள். காளியாயி அடுப்படிக்கு ஓடினாள். டின் இருந்த இடத்தில் டின் இல்லை.

இஸ்தோப்பில் சர்மிளா, அந்தப் பக்கத்து வழக்கப்படி இடது உள்ளங்கையில் சீனியைக் குவித்து, வலது கையில் சாயத்தண்ணிக் கோப்பையோடு, நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். காளியாயி அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"யக்கா, என்னாக்கா, விடுக்கா, சுடுது."

"கைய விரிக்காத. விரிச்சே, கொன்னுருவேன்."

உள்ளங்கையைப் பூனையின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய், அதிலேயே கொஞ்சம் சாயத்தண்ணியை ஊற்றிக் குழைத்தாள். விரலில் தொட்டு, உதட்டைத் தூக்கி, முரசில் தேய்த்தாள். மீண்டும் தொட்டாள். மீண்டும் தேய்த்தாள். சர்மிளா கையை நீட்டியபடி முழந்தாளில் நின்றாள். கால் மணி நேரத்தில் சின்னத்துரையின் நாக்கு வெளியே வந்து, சர்மிளாவின் உள்ளங்கையைத் தேடியது.

"எனக்கு மிச்சம் வைக்க மாட்டான் போலக்கா," என்றாள் சர்மிளா, அழுதுகொண்டே.

டொக்டர் போனில் சொன்னபடி கோழித்துண்டு கொடுத்தார்கள். மூடி சிவப்பு என்று கேட்டதும் டொக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊசி வகை மாறக் கூடாது என்பதைத் தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். அன்று மாலை ஊசி வேண்டாம் என்றாள். ஆறு மணிச் சங்கு ஊதும்போது காளியாயி வெறுங்கையோடு பூனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சீனி டின் மறுபடியும் அடுப்படித் தட்டுக்கு வந்திருந்தது.

இதையெல்லாம் அன்பு என்று அழைப்பது எளிது. காளியாயி அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே செயலைத் தினமும் இரண்டு தடவை, யாரும் பாராத இடத்தில், அலுப்போடும் செய்வதற்கு அந்தச் சொல் போதுமா என்பதும் சந்தேகம். தெரிந்தது இவ்வளவுதான். வைகாசியில் ஒருநாள் அட்டனிலிருந்து மருந்தோடு திரும்பும்போது, மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் உள்ளே இருந்து பாதை திறக்கக் காத்திருந்தார்கள். அவள் இறங்கி, மழையில் நாலு மைல் நடந்து, சங்கு ஊத இரண்டு நிமிடம் இருக்கும்போது வாசலை மிதித்தாள்.

சனிக்கிழமைத் தராசில் மூன்றரை, மூன்றே முக்கால் ஆயிற்று, நாலு தாண்டிற்று. பின்னங்கால்கள் நிமிர்ந்தன. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் தங்கள் கொழுந்தின் எடையை விட்டுவிட்டு, பூனையின் எடையை முதலில் கேட்டார்கள். டொக்டர் மருந்தை ஒரு கோடாக்கினாள், பிறகு அரைக் கோடாக்கினாள். ஐந்து மாதமும் பதினொரு நாளும் கழிந்தபோது, காதுத் துளியைப் பார்த்துவிட்டு, இனி ஊசி தேவையில்லை என்றாள். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை மட்டும் விட வேண்டாம், வருத்தம் திரும்பி வரலாம், மாதம் ஒரு தடவை காட்டுங்கோ என்றாள். சில பூனைகளுக்கு இப்படிச் சீராகும், நேரமும் சாப்பாடும் தவறாமல் பார்த்தால் அதற்கு வாய்ப்புக் கூட என்றும் சொன்னாள். காளியாயி ஒவ்வொரு ஊசியையும் குறித்துவைத்த கொப்பியில் அந்த ஒரு ஞாயிறு மாலையைத் தவிர ஒரு வேளையும் விடுபட்டிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தராசு நாலே முக்கால் காட்டியது. மூக்கன் கொப்பியைத் திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டார்.

"முழுப் பேரு," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. பெண்கள் கூடையைத் தட்டினார்கள். சாக்குக்குள்ளிருந்து சின்னத்துரை ஒரு தடவை கத்தியது. நிரஞ்சன், தனக்கும் சேர்த்துச் சுகமாகிவிட்டது என்றார்.

பிறகு அவர் காளியாயியைத் தனியாக அழைத்தார். மூக்கன் ஆடியில் ஓய்வு பெறுகிறார். ஐந்து மாதமாகப் பெரட்டுக்கு முதல் ஆளாக வருபவள் அவள்தான். கங்காணி வேலையை அவளிடம் கொடுக்கப் பெரிய துரையும் சம்மதம். திங்கட்கிழமை பெரட்டில் அறிவிக்கலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அவள் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஏறினாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியது, போட ஊசி எதுவும் இல்லை. ஏழு மணிக்குப் பெரட்டில் எல்லாரும் நின்றார்கள். நிரஞ்சன் அறிவிப்பதற்காக வந்திருந்தார். மூக்கன் பேர் கூப்பிட்டார். காளியாயியின் பேரை மட்டும் மூன்று தடவை கூப்பிட்டார். சின்னத்துரைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஒருத்தி கேட்க, பூனை பீலிக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்ததை வரும்போது பார்த்தேன் என்றாள் சர்மிளா. கடைசியில் மூக்கன் கொப்பியை மூடி, கக்கத்தில் செருகினார்.

அப்போது வளைவில் கூடை தெரிந்தது. அவள் அவசரப்படாமல் நடந்து வந்தாள். தலை வாரியிருந்தாள், பூ வைத்திருந்தாள், முகத்தில் நன்றாகத் தூங்கி எழுந்த களை இருந்தது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு, கங்காணி நிற்கும் இடத்தைக் கடந்து, வரிசையின் கடைசியில், முப்பத்துநாலு வருடமாக நின்ற அதே இடத்தில் போய் நின்றாள்.

"வந்துட்டேன்ல," என்றாள்.