கூறைச் சேலையும் ஏப்ரல் பனிச்சரிவும்

நான் ரொறொன்ரோ வந்து இறங்கியது தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஏப்ரல் மாதம். அங்கே மில்லிக்கன் பகுதியில் எங்கள் வீட்டு வாசற்பனி கரைந்து சேறாகிக் கிடந்தது. சண்டையால் பாதை பூட்டுப்பட்டு, கொழும்பில் நடந்த எங்கள் கல்யாணத்துக்கு வர முடியாமற்போன மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து மகனிடம் ஒன்றே ஒன்று கேட்டு எழுதியிருந்தார்: மருமகள் கூறைச் சேலையோடு பனிக்குள் நிற்கிற படம்.

"உதுக்கென்ன, மலைப்பக்கம் போவம்" என்றார் என் மனிதர். மேற்கே நாலு நாள் கார் ஓட்டம்! விசர் என்றால் அதுதான். அந்த விசரை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது.

மலைப்பாதையில், பனிச்சரிவு ஆபத்து, வாகனத்தை நிறுத்தாதே என்று பெரிய பலகை. இவர் அதற்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"உது விண்டருக்குப் போட்டது. இப்ப பாரும், என்ன வெயில்!"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. வெயில் எறித்தால் ஆபத்துப் போய்விடும் என்றுதானே நாங்கள் நினைப்போம். கோட்டைக் கழற்றிவிட்டுக் கூறையோடு, குளிரில் பல்லுக் கிடுகிடுக்க நின்றேன். அவர் கமராவை முக்காலியில் பூட்டினார்.

பனி வழிக்கும் லொறிக்காரர் ஒருவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்து கத்தினார். இரவில் இறுகிக் கிடக்கும் பனி, பகல் வெயிலில் ஈரம் ஊறி, மத்தியானத்துக்குப் பிறகுதான் சறுக்குமாம். காருக்குள் பாய்ந்தோம். அப்போதுதான் இவருக்குக் கமரா ஞாபகம் வந்தது. கதவைத் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, போகாதேங்கோ!"

"அம்மாவுக்கு என்னத்தைக் காட்டுறது? விடும்!"

நான் அவருடைய சேர்ட்டை விடவில்லை. பொத்தான் தெறித்தது. "நேற்றுக் கட்டின தாலி! நீங்கள் போனால் நானும் வாறன்" என்று கத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு லொறிக்குப் பின்னால் காரை எடுத்தார். கொஞ்சத் தூரம்தான் போயிருப்போம், பின்னால் இடிமாதிரிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் முக்காலியும் இல்லை, பாதையும் இல்லை.

வீடு வரும்வரை அவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். எனக்கும் கோபம்தான். உயிர் தப்பிய மனிதருக்கு இவ்வளவு எடுப்பா!

வந்து பார்த்தால், வீட்டுக்குக் கிட்டவுள்ள கடைத்தொகுதி, பிளாசாவில், கார் நிறுத்தும் இடத்து மூலையில், மாரி முழுக்க வழித்துக் குவித்த பனி இன்னும் மேடாகக் கிடந்தது. மேலெல்லாம் மண்ணும் கரியும். இரவல் கமராவோடு, மறுபடி கூறை உடுத்து, அதன் முன்னால் நின்றேன். சாமான் வாங்க வந்த அன்ரிமார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அந்தப் படத்துக்கு மாமியின் பதில், சண்டைக்குள்ளால் சுற்றிச் சுற்றி, கார்த்திகையில்தான் வந்தது. இவர் உரத்து வாசித்தார்: "மருமகள் நல்ல வடிவு. உந்த மலை ஏன் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு? பாக்கப் பயமாயிருக்கு. இனி அங்கை போகாதை ராசா."

விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவர் கடிதத்தை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.