வாசலை மறிக்காதீங்க

எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஒல்லி, முன்கோபம். தீக்குச்சி என்று பெயர் வைத்ததே நான்தான். புத்தி தடுமாறி ஆவேசப்படுகிற நோயாளியை எப்படிச் சமாளிப்பது என்று, இருபத்தாறு வருடம் வார்டில் குப்பை கொட்டிய எனக்கு இவள் சொல்லித்தருவதாவது!

வகுப்பில் அவளே நோயாளியாக நடிப்பாள். நாற்காலியை ஓங்கிக்கொண்டு கத்துவாள். நாங்கள் ஐந்து பேர் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு புத்தி சொல்வோம். உடனே நிறுத்திவிடுவாள்.

"பயந்துபோன மனுஷனைச் சுத்தி சந்தைக்கடையா? ஒருத்தர் மட்டும் பேசுங்க. மத்தவங்க கூப்பிடற தூரத்துல வெளிய நில்லுங்க. வாசலை மறிக்காதீங்க. அக்கா, குரலை அடக்குங்க!"

என் குரல் மூன்று மாடிக்குக் கேட்கும். ஒருநாள் பொறுக்காமல், "கட்டிப்போட்டா அஞ்சு நிமிஷத்துல முடியற வேலைக்கு இவ்வளவு கூத்தா?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "எங்க அண்ணன் தச்சு வேலை பார்த்தவர். காய்ச்சல்ல புத்தி தடுமாறினப்ப நாலு பேர் அமுக்கிக் கட்டினாங்க. தோள் விலகிருச்சு. இன்னிக்கும் கையைத் தூக்க முடியல. அதே அஞ்சு நிமிஷம்தான் அக்கா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெரிய டாக்டருக்கோ இதெல்லாம் வெட்டிவேலை. அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு வேண்டாம், இன்னும் நாலு காவலாளி போதும் என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார். அவர் உட்காருவதற்குள் கீழே ஆண்கள் வார்டில் களேபரம். முந்தின நாள் ஆபரேஷன் ஆன லாரி டிரைவர், தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல், குளுக்கோஸ் ஸ்டாண்டை ஓங்கிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

எல்லோரும் ஓடினோம். தீக்குச்சி வார்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். "நீங்க போங்க அக்கா."

"நானா? விளையாடாதே தங்கச்சி!"

"நான் போனா எனக்கு மட்டும்தான் தெரியும்னு ஆயிடும். போங்க."

நோயாளி பிடித்து இழுத்துவிடாதபடி, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். மற்ற நர்ஸ்கள் பக்கத்துக் கட்டில்காரர்களை வெளியே கூட்டிப்போனார்கள். நான் நாலடி தள்ளி, பக்கவாட்டில் நின்றேன்.

"அண்ணே, நான் நர்ஸ். இது ஆஸ்பத்திரி. யாரும் உங்களைத் தொட மாட்டாங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கண்ணோ எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. திரும்பினால், வாசலை அடைத்துக்கொண்டு பெரிய டாக்டர். கூடவே கட்டுவதற்குத் துணியோடு இரண்டு காவலாளிகள்.

"டாக்டர், வாசலை மறிக்காதீங்க. வெளிய போங்க."

இத்தனை வருடத்தில் அவரிடம் "சரிங்க டாக்டர்" தவிர வேறு வார்த்தை பேசியதில்லை நான். மனுஷர் போய்விட்டார்! காவலாளிகளையும் இழுத்துக்கொண்டு போனார்.

டிரைவரின் தோள் தளர்ந்தது. "என் வண்டி எங்க?"

"உங்க தம்பி ஓட்டிட்டுப் போயிருக்கார். கை வலிக்குமே அண்ணே, அதைக் கீழ வைங்க."

வைத்தார். கட்டிலில் உட்கார்ந்து அழுதார். ஊசி போடும்போதுகூட என் கையை விடவில்லை.

வெளியே வந்தேன். தீக்குச்சி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு நிமிஷம் அக்கா," என்று அழுதுகொண்டே சிரித்தாள். சந்தோஷத்தில் நான் கூவிய கூவல் நிச்சயம் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

"அடுத்த வகுப்பு எப்போ?" என்று கேட்டார் பெரிய டாக்டர், வாசலை விட்டு நன்றாகத் தள்ளி நின்றுகொண்டு.