கண்ணாடியில் அசையாத புள்ளி

என் கணவரின் தங்கை விமானி. வீட்டில் அவளுக்கு ‘வாயாடி’ என்றுதான் பெயர். ரத்த மாதிரிகள் அடைத்த பெட்டிகளை நான்கு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் ஏற்றி, தினமும் காலையில் பெரிய நகரத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலை. பதினோரு வருடமாகப் பறக்கிறாள்.

அந்த நகரத்தை நெருங்குவதுதான் கஷ்டம். மேலே பெரிய விமானங்கள் வரிசையாக இறங்கும். ஓரத்தில் ராணுவத்துக்கான இடம். அங்கே நுழையவே கூடாது. மிச்சமிருக்கும் ஒடுக்கமான வழியில்தான் சின்ன விமானங்கள் எல்லாம் போய்வர வேண்டும். “சந்துக்குள்ள லாரியும் பைக்கும் எதிரும் புதிருமா வர்ற மாதிரி அண்ணி. பிரேக் மட்டும் கிடையாது” என்பாள்.

போன வருடம், என் மகளோடு சில நாள் இருந்துவிட்டு வர அந்த நகரத்துக்குக் கிளம்பினேன். வாயாடி நிறுவனத்தில் அனுமதி வாங்கி, என்னைத் தன் வலப்பக்க இருக்கையில் உட்காரவைத்தாள்.

“வேற விமானம் தெரிஞ்சா சொல்லுங்க. நான் ரேடியோவில பேசிட்டிருந்தாலும் பரவாயில்ல.”

மேலே போனதும் அவள் வேறு ஆள். ஒரு வெட்டிப் பேச்சு இல்லை. ஒடுக்கமான வழிக்குள் நுழைந்தோம். ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையின் குரல் வந்தது: வலப்பக்கமிருந்து ஒரு சின்ன விமானம் குறுக்கே வருகிறது, தெரிகிறதா? எட்டத்தில் வெள்ளையாக ஒன்று போவதைப் பார்த்துவிட்டு, “தெரியுது” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டால், அதிலிருந்து விலகிப்போவது விமானியின் பொறுப்பு.

என் பக்கத்துக் கண்ணாடியில், பூச்சி மோதிய கறை போல ஒரு புள்ளி. விரலால் துடைத்தேன். போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கொஞ்சம் பெரிதானது. கறையைப் போய்ச் சொன்னால் சிரிப்பாளே என்று கூச்சம். பிறகு அதற்கு இறக்கை தெரிந்தது.

“இங்க பாரேன்!” அவள் தோளைப் பிடித்தேன்.

என்ன, ஏது என்று கேட்கவில்லை. பார்த்தாள். மறு நொடி விமானத்தின் மூக்கு தாழ்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தோம். தலைக்கு மேல் சக்கரங்கள் கடந்துபோயின. டயரில் ஒட்டியிருந்த மண்கூடத் தெரிந்தது.

உடனே ரேடியோவில் சொன்னாள்: “தெரியுதுன்னு நான் சொன்னது வேற விமானம். தப்பு என்னோடது.”

இறங்கியதும் அலுவலகத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். “கண்ணாடியில நகர்ந்துட்டே இருந்தா பயமில்ல அண்ணி. ஒரே இடத்துல நின்னு பெருசாச்சுன்னா, நேரா நம்ம மேலதான் வருது.”

“நான் முதல்லயே பார்த்துட்டேன். கறைன்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன்.” எனக்கு அழுகை வந்தது.

அவள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். “பயணி சொன்னதால் தப்பித்தோம். கறை போலத் தெரிந்தாலும் சொல்ல வேண்டும் என்று நான் அவருக்கு விளக்கவில்லை.”

“இதெல்லாம் எதுக்கு எழுதற? உன் வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுது.”

“எழுதலேன்னா நாளைக்கு இன்னொருத்தன் எதையோ பார்த்துட்டு ‘தெரியுது’ம்பான். அவன் பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்க.”

பத்து நாள் அவளைப் பறக்கவிடவில்லை. அங்கேயே மறுபயிற்சி கொடுத்தார்கள். முகம் கோணாமல் போய்வந்தாள். நான் சொன்ன அரை வாக்கியத்தை நம்பியவள், என் தயக்கத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டவள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள், நான் தங்கியிருந்த மகள் வீட்டுக்கு வாயாடி போன் செய்தாள். “நாளைக்குப் பறக்கலாம்னுட்டாங்க. நீங்க ஊருக்கு பஸ்ஸில போறதா இருந்தாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன் அண்ணி.”

“எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டேன்.